மேற்குக் கதவருகே ஒரு வட்டம்

27 டிசம்பர் 1961, புதன் — சிவகாசி

மூன்றாவது நாளாக மாமனாரின் பட்டாசுக் கம்பெனியில். கையில் நிறுத்துக் கடிகாரம், கழுத்தில் விசில். மாமா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “மாப்ளே, காலேசுல இதத்தான் சொல்லிக் கொடுக்கீகளா?” மதுரையில் கட்டடப் பொறியியல் சொல்லிக் கொடுக்கிறேன் மாமா, கட்டடத்திலிருந்து தப்பித்து ஓடுவதும் அதில் ஒரு பாடம் என்றேன்.

பத்து ஷெட்டும் போன வருஷம் என் வரைபடப்படி கட்டியவை. கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது; இரும்பு உரசினால் ஆபத்து. இரவில் பூட்டுவதற்கு வெளியே மட்டும் தாழ்ப்பாள். தரையில் நான்கு வெள்ளை வட்டங்கள். பெயிண்ட் அடித்தது நானேதான். கிழக்குக் கதவோரம் இரண்டு பேர், மேற்குக் கதவோரம் இரண்டு பேர் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைக்க வேண்டும். ஒன்று பற்றினால் அவரவர் பக்கத்துக் கதவு வழியே வெளியே.

மருந்தையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு விசில் ஊதி ஓடவிட்டேன். பழைய ஒற்றைக் கதவு ஷெட்டில் நான்கு பேர் வெளியேற ஆறு விநாடி. இதில் மூன்று. மூன்றே மூன்று! பத்துத் தடவை பார்த்துவிட்டேன்.

ஏழாம் நம்பர் ஷெட்டில் ஆனைக்குட்டத்துக்காரி ஒருத்தி, பஞ்சம்மாள், சிரித்துக்கொண்டே ஓடுகிறாள். “அய்யா, நெசமாப் பத்தும்போது விசில் ஊதிட்டா பத்தும்?” வாய்த்துடுக்கு.

11 மார்ச் 1962, ஞாயிறு — விருதுநகர்

சென்னை இதழுக்கான கட்டுரை முடிந்தது. ஆபத்தை எண்ணால் அளந்து முன்கூட்டியே சொல்ல முடியும் என்று நம் ஊர் ஷெட்டை வைத்துக் காட்டியிருக்கிறேன். பேராசிரியர் படித்துவிட்டு மெச்சினார். ஒரே ஒரு குறை சொன்னார்: “அளந்தது டிசம்பர் லீவில் மட்டும்தானே? மற்ற மாதங்கள் எப்படி என்று கேட்பார்களே?”

மறுபடி சிவகாசி போக நேரம் எங்கே? விடைத்தாள் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ‘ஆண்டு முழுவதும் வேலை நேரத்தில் இரு கதவுகளும் திறந்தே இருக்கின்றன’ என்று ஒரு வரி சேர்த்தேன். திறந்துதானே வைத்திருப்பார்கள்? ஒரு வரிதான்.

19 ஜூலை 1962, வியாழன் — சிவகாசி

கட்டுரையின் அச்சுப் படிவம் வந்துவிட்டது. திருத்தி நாளை தபாலில் சேர்க்க வேண்டும். மாமாவிடம் காட்டலாம் என்று கம்பெனிக்கு எடுத்துப்போனேன். தீபாவளி சீசன், அவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. மேற்கிலிருந்து ஆடிக் காற்று வேறு. வேட்டியைப் பிடிப்பதா காகிதத்தைப் பிடிப்பதா என்று நான் நின்ற இடத்துக்குப் பஞ்சம்மாள் வந்தாள். போர்மேன் பெத்தணன் பக்கத்தில் நின்றார்.

“அய்யா, மேகாத்துக் காலத்துல அந்த மேக்குக் கதவத் தொறந்து வைக்க முடியலய்யா. மருந்து பறந்து மூஞ்சில அடிக்கி. அதான் வெளிய தாப்பாப் போட்டுருதாக. நாங்க ரெண்டு பேரும் கிளக்குக் கதவுகிட்டயே தள்ளி உக்காந்துக்கிடவா?”

“இடத்தை மாற்றக் கூடாது. வட்டம் அளந்து போட்டது” என்றேன். பெத்தணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கூப்பிட்டார், போய்விட்டேன்.

விநாடிக் கணக்கைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனாலும் கதவு மூடுவது உண்மையா என்று ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் அந்த வரியை எடுக்க வேண்டும், அட்டவணை மாறும், கட்டுரை அடுத்த இதழுக்குப் போய்விடும். பிறகு பார்க்கலாம்.

20 ஜூலை 1962

படிவத்தைத் தபாலில் சேர்த்தேன். திருத்தம்: இரண்டு எழுத்துப்பிழை.

4 பிப்ரவரி 1963, திங்கள்

லண்டனிலிருந்து கடிதம்! என் கட்டுரையை அங்கே படித்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் அங்கே தங்கி ஆராய்ச்சி செய்ய இடம் தருகிறார்களாம். 1964 அக்டோபரில் சேர வேண்டும். பேராசிரியர் என் தோளைத் தட்டினார். இந்தக் கல்லூரியில் அது நடப்பது அபூர்வம்.

மனைவி பொன்னுத்தங்கத்துக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “அங்கன எம்புட்டுக் குளிரும்?” என்று மட்டும் கேட்டாள். ஆனால் சாயங்காலம் அவள் அக்கம்பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டு வந்தது எனக்குத் தெரியும்.

23 ஜூலை 1963, செவ்வாய்

ஏழாம் நம்பர் ஷெட். பஞ்சம்மாள்.

26 ஜூலை 1963

எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிழக்குப் பக்கம் பற்றியிருக்கிறது. கிழக்கு வட்டத்தில் இருந்த இருவரும் கதவு வழியே பாய்ந்துவிட்டார்கள். மேற்கு வட்டத்தில் பஞ்சம்மாளோடு இருந்தவள் அன்று லீவு. பஞ்சம்மாள் தன் பக்கத்துக் கதவுக்கு ஓடியிருக்கிறாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. அவள் உள்ளிருந்து தட்டிய சத்தம் பக்கத்து ஷெட் வரை கேட்டதாம்.

கிழக்கே உட்கார்ந்துக்கிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு வருஷமாக, வேலை செய்த ஒவ்வொரு நாளும், நான் சொன்ன வட்டத்தில்—

பெத்தணனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. திறந்திருக்க வேண்டிய கதவைத் தாழ் போட்டது அவர் குற்றமாம். அதற்குச் சான்று? அச்சிட்ட என் கட்டுரை. ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கின்றன.

மாமா வந்திருந்தார். பாவம், மூன்று நாளில் பத்து வயது கூடிய முகம். “உங்க பிளான்ல தப்பே இல்ல மாப்ளே. கம்பெனிக்கு லைசென்ஸ் தங்கிரும். தாப்பாப் போட்டது அவன்தான? அவன் குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க லண்டனுக்கு ஆகவேண்டியதப் பாருங்க.” நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

14 நவம்பர் 1963, வியாழன் — சாத்தூர்

இன்று கூண்டில் ஏறினேன். நிபுணர் சாட்சி.

அரசு வக்கீல் கேட்டார்: மேற்குக் கதவு திறந்திருந்தால்? மூன்று விநாடியில் வெளியேறியிருப்பார் என்றேன். எல்லாரும் தலையசைத்தார்கள்.

பெத்தணனின் வக்கீல் லட்சுமிகாந்தம் எழுந்தார். ஒல்லியான ஆள், அவசரமே இல்லாதவர். “விருதுநகரில் உங்கள் வீட்டுக்கு மேற்கே வாசல் உண்டா?” உண்டு என்றேன். “ஆடி மாதம் அதைத் திறந்து வைப்பீர்களா?” அரசு வக்கீல் ஆட்சேபித்தார், அந்தக் கேள்வி அதோடு போயிற்று. நானும் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

அடுத்த கேள்வி: “காற்றுக் காலத்தில் கதவை மூடும் வழக்கம் உங்களுக்கு முன்பே தெரியுமா? யாராவது சொன்னார்களா?”

“என் கவனத்துக்கு வரவில்லை” என்றேன்.

பெத்தணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னபோது எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றவர். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஞாபகம் வர நேரம் கொடுப்பவரைப் போலப் பார்த்தார்.

15 நவம்பர் 1963

பொய் சொன்னேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பொய் சொன்னேன்.

19 ஜனவரி 1964, ஞாயிறு

பெத்தணனின் மனைவி வீரலட்சுமி வீட்டுக்கு வந்தாள். காலில் விழப்போகிறாளோ என்று பயந்து முன்கூட்டியே எழுந்து நின்றேன். அவள் விழவில்லை. உட்காரவும் இல்லை. ஜாமீனில் வந்தவருக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை இல்லையாம்.

“நீங்க எப்பவும் நோட்டும் கையுமாத்தான் இருப்பீகளாம். அவுக சொன்னாக. அந்தம்மா சொன்னதையும் எளுதி வச்சிருப்பீக, எடுத்துப் பாத்தா ஞாபகம் வந்துரும்னாக.”

“பார்க்கிறேன்” என்றேன்.

“பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பொன்னுத்தங்கம் காபி கொண்டுவந்தபோது நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன்.

22 ஜனவரி

பார்த்தேன். எழுதியிருக்கிறேன். தேதியோடு.

பிப்ரவரி, தேதி போட மனமில்லை

அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டால் முடிந்தது. இரண்டு தடவை நோட்டை அடுப்படி வரை கொண்டுபோனேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எவ்வளவு அழகான கையெழுத்து. வகுப்பில் ஆபத்தை அளக்கும் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் மூன்று என்று எழுதும்போது கை நிற்கிறது. மாணவர்கள் நான் யோசிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

9 ஜூன் 1964, செவ்வாய்

காற்று பிடித்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். பொன்னுத்தங்கம் மேற்கு வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, போதாதென்று உரலையும் நகர்த்தி முட்டுக் கொடுத்தாள். எனக்கு என்ன வந்ததோ. “திற! கதவைத் திற!” என்று கத்திவிட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். “என்ன புதுசா? வருசா வருசம் காத்துக் காலத்துல சாத்துததுதான? நான் வாக்கப்பட்டு வாறதுக்கு முன்னயே அத்த சாத்துனதுதான? அம்புட்டு மண்ணும் சோத்துல விளணுமா?”

நான் பிறந்த வீடு இது. முப்பத்து நான்கு வருஷம். சின்ன வயதில் அந்த உரலை நகர்த்தும் வேலை எனக்குத்தான். பஞ்சம்மாள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? வரைபடத்தில் மேற்கே கதவு போட்டவன் இந்த வீட்டுக்காரன்தானே? விசிலும் கடிகாரமுமாகப் போனேன், ஊர்க்காற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

சோற்றைத் தள்ளிவைத்தேன். அழுதேன். அவள் என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நோட்டையும் கையில் கொடுத்தேன்.

11 ஜூன் 1964, வியாழன்

லட்சுமிகாந்தத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. மனுப் போட்டு என்னை மறுபடி சாட்சி சொல்ல வைக்க முடியும் என்றார். “முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் மேலேயே வழக்கு வரலாம். யோசித்துக்கொள்ளுங்கள்.” நோட்டு முழுசாக வேண்டும், கிழித்த தாள் செல்லாது என்றும் சொன்னார்.

பொன்னுத்தங்கம் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று பேசினாள். “அப்பா சொன்னது எளுதியிருக்கீகளே. அதுவும் கோர்ட்டுக்குப் போகுமா?”

“போகும்.”

நோட்டை எடுத்துப் புரட்டினாள். பிறகு, “அந்த அக்காவ எல்லா எடத்துலயும் அவ, இவன்னே எளுதியிருக்கீக. அவுகளுக்குப் பிள்ள எத்தன? புருசன் இருக்காரா?”

தெரியவில்லை என்றேன். மூன்று விநாடி என்று தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

15 ஜூன் 1964, திங்கள் — காலை

இன்று நோட்டு கோர்ட்டுக்குப் போகிறது. ‘அவளுக்கு என்ன தெரியும்’ என்ற வரியை மட்டுமாவது அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். அடிக்கவில்லை. லண்டனுக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன்: கட்டுரை தவறு, தயவுசெய்து நம்ப வேண்டாம். பொன்னுத்தங்கம் நோட்டைப் பழைய செய்தித்தாளில் பொதிந்து நூல் கட்ட நிற்கிறாள். எழுதி முடியுங்க, பஸ் போயிரும் என்கிறாள்.

6 ஆகஸ்ட் 1966, சனி

நோட்டு நேற்றுத் திரும்பி வந்தது. 19 ஜூலைப் பக்கத்தில் கோர்ட் முத்திரை. பஞ்சம்மாள் சொன்ன வரிகளின் மேல் ஊதா மை. வாசிக்க முடிகிறது.

பெத்தணனுக்கு விடுதலை. தீர்ப்பன்று வெளியே வந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் தூங்கியிருப்பேன். பஞ்சம்மாளின் புருஷன் ஆனைக்குட்டத்தில் இருக்கிறார், இரண்டு பெண்கள். ஒவ்வொரு ஆடியிலும் போகிறேன். அவர் வாசலில் நின்றே பேசி அனுப்பிவிடுவார். அவர் மேல் எனக்குக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

லண்டன் போயிற்று. மாமா பொன்னுத்தங்கத்தோடு மட்டும் பேசுகிறார். பொய்ச் சாட்சிக்கு அபராதத்தோடு விட்டார்கள். கல்லூரி என்னை வைத்துக்கொண்டது, மேலே ஏற்றவில்லை. நான் எழுதிய திருத்தத்தைச் சென்னை இதழ் போன மாதம்தான் கடைசிப் பக்கத்தில் போட்டது. அதில் அவர் பெயர் இருக்கிறது: பஞ்சம்மாள், ஆனைக்குட்டம்.

இன்று இறுதியாண்டு மாணவர்களைச் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மண் கண்ணைத் திறக்கவிடவில்லை. “டிசம்பர் லீவில் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்குமே சார்” என்றான் ஒருவன். “அதனால்தான் இப்போது வந்தோம்” என்றேன்.

ஷெட்டின் மேற்குக் கதவு தாழ் போட்டிருந்தது. கிழக்கு வாசலில் ஒரு பெண் மருந்துச் சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். மாணவர்கள் கடிகாரத்தை எடுத்தார்கள். பொறுங்கள் என்றேன். முதலில் பெயர் கேட்டேன். வள்ளித்தாய். ஊர் மல்லாங்கிணறு. இந்த ஷெட்டில் நீங்கள் எங்கே உட்காருவீர்கள், ஏன் என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சொன்னா எளுதிக்கிடுவீகளா?” என்றார்.

உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.