தர்ஷினிக்கு நான் வைத்த கையொப்பங்கள்

என் தர்ஷி, பக்கத்து சீட்டுக்காரியே, எட்டு மாதம் மூத்தவள் என்பதற்காக அக்கா என்று கூப்பிடச் சொல்லி என் உயிரை எடுத்தவளே,

உனக்குச் சான்றிதழ் கொடுக்கப் போகிறார்கள், அடுத்த மாதம், ஹட்டனில், மேடையில், மைக்கில் உன் முழுப் பேரையும் சொல்லி, உன் அம்மா கையில், சத்தியமாக!

இதை நான் குதித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். நீ ஒரு வீடியோ போட்டாலே லயத்து வீட்டு வரிசையே அதிரக் கத்துகிறவள் நான். இன்று கத்த முடியவில்லை. ஏன் என்று உனக்குத்தான் சொல்கிறேன், ஆனால் நம் வகுப்புக் குரூப்பில் வைத்துச் சொல்கிறேன். எல்லோரும் வாசிக்கட்டும்.

முதல் நாள் மிஸ் ஒரு தாள் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலத்தில் பதினோரு விதிகள். போனை முன் மேசைக் கூடையில் போட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் வகுப்பில் உட்காரலாம், வரவுத் தாளில் கையொப்பம் வைக்க முடியாது. எண்பது வீதம் வரவு இல்லையென்றால் பரீட்சை இல்லை. கடைசியில், வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று நம் கையொப்பம். பாதிப் பேர் வாசிக்கவும் இல்லை, விளங்கவும் இல்லை. வைத்துவிட்டோம்.

நீ மட்டும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாகத் தேடி, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்று தமிழில் விளக்கினாய். அதுதான் உன் முதல் வீடியோ. முதல் லைக் என்னுடையது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் வகுப்பிலா, உன் சேனலிலா?

ஏழாவது விதி வரும்போது கேமராவுக்குக் கிட்ட வந்து சிரிப்பாய். “இன்னொருத்தவங்களுக்கு சைன் வச்சா, வச்சவங்களும் அவுட்டு, யாருக்கு வச்சாங்களோ அவங்களும் அவுட்டு. நிரோ, ஒன்னத்தான் சொல்றேன், காது கேக்குதா?”

கேட்டது. கேட்டும் வைத்தேன்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்றாய். இதய வால்வுக்கு மருந்து மாற்றுகிறார்கள், அவ்வளவுதான் என்றாய். இரண்டு நாள் மூன்று வாரம் ஆனது. தொண்ணூறு பேர் இருக்கிற மண்டபத்தில் வரவுத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறி வரும், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று யாருக்குத் தெரியும்? உன் கையொப்பம் எனக்கு என்னுடையதைவிட நன்றாக வரும். கடைசி எழுத்தைச் சுழித்து, கீழே இரண்டு கோடு. நீ கேட்கவே இல்லை. நீ திரும்பி வந்து நிற்கும்போது, உனக்குப் பரீட்சை இல்லை என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அதை வைக்கும்போது, நாளைக்கு நீயே வைப்பாய் என்றுதான் வைத்தேன்.

அந்தப் புதன்கிழமையும் வைத்தேன். இடைவேளையில் கூடையிலிருந்து போனை எடுத்தால், உன் வீட்டிலிருந்து அத்தனை அழைப்புகள். விடியும்போதே நீ போய்விட்டிருந்தாய், தர்ஷி. அந்தத் தாளின்படி, வகுப்புத் தொடங்கின எட்டரை மணிக்கு நீ என் பக்கத்தில் இருந்தாய்.

போன வாரம் பரீட்சை எழுதத் தகுதியானவர்களின் பட்டியல் போட்டார்கள். மிஸ் வகுப்பில் உன் பேரை முதலில் சொன்னார். எல்லா ஒப்படைகளையும் எழுதி அனுப்பினவள், வரவும் போதும், அதனால் உனக்குப் பாடநெறிச் சான்றிதழ் கொடுக்க நிர்வாகம் சம்மதித்துவிட்டது என்றார். நீ வார்டில் கிடந்தது அவருக்குத் தெரியாது. திடீரென்று போய்விட்டாய் என்றுதான் நினைத்திருக்கிறார். கண் கலங்கித்தான் சொன்னார், அவர் கெட்டவர் இல்லை.

அப்புறம் சுகந்தி அக்காவின் பக்கம் திரும்பினார். நமக்குப் பின் வரிசையில் இருப்பாரே, மூன்று வயது மகனை வைத்துக்கொண்டு படிக்கிறவர், அவர் பேர் பட்டியலில் இல்லை. தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்குக் கிளம்பின பிறகுதான் பிள்ளைக் காம்பரா திறப்பார்கள். மகனை அங்கே விட்டுவிட்டு ஓடி வருவதற்குள் முதல் பஸ் போய்விடும். அடுத்த பஸ் பிடித்து வந்தால் பத்து நிமிடம் தாண்டிவிடும். தினமும் வகுப்பில் இருந்தார், தாளில் மட்டும் இல்லை.

“தர்ஷினிக்கு நெஞ்சுல நோய். அவளே எண்பத்திநாலு வீதம் வந்திருக்கா. ஒங்களுக்கு என்ன நோய், சுகந்தி?” என்று மிஸ் கேட்டார்.

சுகந்தி அக்கா எழுந்து நின்றார். தர்ஷி, தாள் என்னிடமிருந்து அவர் வழியாகத்தான் பின்னால் போகும். மூன்று வாரமும் அவர் பார்த்திருக்கிறார். ஒரு தடவை வாய் திறந்திருந்தால் போதும்.

பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய்ப் பிடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா தர்ஷியோட அம்மா மேடை ஏறுமா?” என்றார். “நா அடுத்த வருசம் எழுதிக்கிறேன் நிரோ. செத்த புள்ள அடுத்த வருசமா வந்து வாங்கும்?”

அடுத்த வருஷம் என்று ஒன்று அவருக்கு இல்லை. மாமியார் இந்த ஒரு வருஷத்துக்குத்தான் சம்மதித்தார் என்று அவர் சொன்னபோது நீயும் பக்கத்தில் இருந்தாயே.

அன்று பொகவந்தலாவை பஸ்ஸில் உட்கார்ந்து நோர்வூட் தாண்டும்வரை இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சொன்னால் நான் பரீட்சை எழுத முடியாது, அது கூடப் பரவாயில்லை, ஆனால் விதியின்படி உன் பேரும் வெட்டுப்படும். உன் அம்மா மேடை ஏற மாட்டார். சொல்லாவிட்டால், நீ வராத வகுப்புகளைக் காட்டி, வந்தவரை வெளியே அனுப்புகிறார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே உடுப்பு சிக்கிக்கொண்ட மாதிரி, முன்னால் போனாலும் கிழிகிறது, பின்னால் வந்தாலும் கிழிகிறது.

போலிக் கணக்கு ஒன்று கூடத் திறந்தேன், சிரிக்காதே. முகப்பில் ஒரு பூப் படம் வைத்து, மிஸ்ஸுக்குப் பேர் தெரியாமல் எழுதத் தொடங்கினேன். நாலு வரி தட்டின பிறகுதான் உறைத்தது, மறுபடியும் வேறொருத்தி பேரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அழித்துவிட்டேன். உன் வீடியோவைப் போட்டால், காது கேக்குதா என்கிறாய். எத்தனை தடவை போட்டாலும் அதையேதான் கேட்கிறாய்.

இன்று காலை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா மாம்பழக் கலர் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். மேடைக்கு அதுதானாம். லயம் முழுக்கச் சொல்லியாயிற்று. மேடையில் எந்தப் பக்கமாக ஏற வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பிறகு, “மிஸ் நல்ல மனசுக்காரங்க. எம்புள்ள ஆஸ்பத்திரியில கெடந்த நாளையும் சேத்துக்கிட்டாங்க பாரு” என்றார்.

அப்போதுதான் சொன்னேன். எல்லாம் சொன்னேன், சுகந்தி அக்காவைப் பற்றியும்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “கடைசி நாளும் வச்சியா?”

“வச்சேம்மா.”

கொடியில் இருந்த சேலையை எடுத்தார். இன்னும் ஈரம் காயவில்லை. அப்படியே மடித்து உள்ளே கொண்டுபோனார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார்.

குடித்தேன். சீனி போட மறந்திருந்தார், நான் கேட்கவில்லை. அது மன்னிப்பா, கோபமா? உன் அம்மாவை உனக்குத் தெரியும். நீயாவது சொல்லேன்.

நாளைக்குத் திங்கள். காலை எட்டு மணிக்கு மிஸ்ஸின் அறைக்குப் போகிறேன். வாசித்து விளங்கிக்கொண்டேன் என்று நான் கையொப்பம் வைத்த அந்த விதித் தாளையும் கொண்டுபோகிறேன். மூன்று வாரக் கையொப்பமும் என்னுடையது, என் பேரை வெட்டுங்கள் என்று சொல்வேன். ஆனால் ஒப்படைகள் உன்னுடையவை, தர்ஷி. கையில் ஊசியோடு போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி நீ அனுப்பினவை. அவற்றை வெட்டாதீர்கள் என்றும் சொல்வேன். கேட்பார்களா? தெரியாது. சேலை மறுபடியும் கொடிக்கு வருமா? அதுவும் தெரியாது.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி உன் பேருக்கு நேராக என் கை போகாது. வெளியே அனுப்பினாலும், தண்ணீர்த் தாங்கி மேட்டில் நின்று மிச்சப் பாடத்துக்கு நான் வீடியோ போடுவேன், என் முகத்தோடு, என் பேரில்.

குரூப்பில் இதை வாசிக்கிற நீங்கள், தயவுசெய்து எட்டு மணிக்கு மிஸ்ஸின் அறை வாசலுக்கு வாருங்கள். குரூப்பில் இல்லாதவர்களுக்கும் இதை அனுப்புங்கள். எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். சுகந்தி அக்கா தினமும் வகுப்பில் இருந்ததைப் பார்த்தவர்கள், பார்த்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவரே வந்து சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். அவருடைய பஸ் எட்டே முக்காலுக்குத்தான் வரும்.

கீழே இருப்பது என் சொந்தக் கையொப்பம், அக்கா.

உன் தங்கச்சி,
நிரோஷா