வாழையடியில் ஊற்றிய கஞ்சி

அன்பு நானாவுக்கு,

இன்று முற்பகல் பூசையை முடித்து எழுந்தபோது, நெற்றி நீறு உலருமுன்னே அடுக்களையிலிருந்து வந்த ஒரு மணம் என்னை நடுவழியில் நிறுத்திவிட்டது. மருமகள் காளான் சூப்புக்காக ஒரு சிறு போத்தலைத் திறந்திருந்தாள். வெள்ளை மிளகுத் தூள். "வெள்ளைச் சூப்பில கறுப்புப் புள்ளி மிதக்கக்கூடாது மாமா, அதுதான் இது" என்றாள். தலையசைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தேன். மழையில் நனைந்த வைக்கோலும், மாடு கட்டிய கொட்டிலும், நாள்பட ஊறிய சாக்கும் ஒன்றாய்க் கலந்த மணம் அது. அதற்கு அடியில், மூக்கைக் கடந்து தொண்டைக்குள் இறங்கிய பின்னரே புலப்படும் ஒரு மெல்லிய காரம்.

நீங்கள் மண்ணுக்குள் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, மாத்தளைக் காணிக் கந்தோருக்கு எழுதுவினைஞனாக வந்த காலத்தில் பலாபத்வலையில் வாடகை வீடு எடுத்துத் தந்தவர் நீங்கள்; உங்கள் முஸ்லிம் அயலார் அண்ணனை அழைப்பதுபோல நானும் உங்களை நானா என்றேன். உங்கள் மிளகுத் தோட்டம் எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. அந்தி வேளைகளில் வந்து என் வாசற்கதிரையில் அமர்வீர்கள். மலைச்சாரலில் பலாமரத்தைத் தழுவி ஏறும் மிளகுக்கொடியைப் பழம்புலவர் பாடிய அழகை நான் விரித்துரைப்பேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் புலவர்மார் மரத்தில ஏறி மிளகு ஆஞ்சிருக்காங்களா ஐயா? முசுறு எறும்பு கடிச்சா பாட்டு வராது, வேற சொல்லுத்தான் வரும்" என்பீர்கள். உள்ளேயிருந்து என் மனைவி சிரிப்பது கேட்கும்.

நான் புலால் உண்ணாதவன் என்பதால், உங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு கண்ணாடித் தம்ளரைத் தனியே வைத்திருந்தீர்கள். அதில் வெறுந்தேநீர் மட்டும் அருந்துவேன். வேறொன்றையும் உண்ணும்படி நீங்கள் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை.

பிறகு எண்பத்தொன்பதாம் ஆண்டு வந்தது. கடை திறந்தால் உயிர் இராது என்று கிளர்ச்சிக்காரரின் துண்டுப்பிரசுரம். வீதியில் இறங்கினால் சுடுவோம் என்று அரசின் ஊரடங்கு. அந்நாட்களில் என் மனைவி நெருப்புக்காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். வாயெல்லாம் புண். மிளகாய் பட்டால் கண்ணீர் விடுவாள்; உறைப்பில்லாத எதுவும் அவளுக்கு இறங்கவில்லை. ஐந்து நாட்களாக அவள் பசி என்ற சொல்லையே சொல்லவில்லை.

ஊரடங்கு இரண்டு மணிநேரம் தளர்த்தப்பட்ட ஒரு பிற்பகலில் வந்தீர்கள். கையில் துணி சுற்றிய மண்சட்டி. "மிளகா ஒண்டும் போடல்ல ஐயா. பச்சரிசி, தேங்காப்பால், உள்ளி, கொஞ்சம் வெள்ள மிளகு. வாயச் சுடாது, நெஞ்சுக்குச் சூடு குடுக்கும்" என்றீர்கள். வெள்ளை மிளகு என்று ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் வீட்டுச் சமையலில் மிளகென்றால் கறுப்பு. மூடியை எடுத்தேன். ஆவியோடு அந்தக் கொட்டில் மணம் முகத்தில் அடித்தது.

"நானா, என்னைத் தெரிஞ்சும் இப்பிடிச் செய்யலாமோ? எலும்பு அவிச்ச தண்ணியிலயோ காய்ச்சினீங்கள்?" என்றேன்.

"என்னா ஐயா சொல்றீங்க? புதுச் சட்டி. எங்கட அடுப்பிலயும் வைக்கல்ல, முத்தத்தில மூணு கல்லு வச்சிக் காய்ச்சின."

"மணம் பொய் சொல்லாது."

சட்டியைக் கொண்டுபோய், உங்கள் கண்முன்னே, வாழையடியில் ஊற்றினேன். அந்த நேரத்தில்தான் அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "ஆர் வந்திருக்கினம்? என்ன அது மணக்குது? எனக்குப் பசிக்குதப்பா."

நீங்களும் அதைக் கேட்டீர்கள். வெறும் சட்டியை என் கையிலிருந்து வாங்கி, அதே துணியில் சுற்றிக்கொண்டு, "நேரமாகுது ஐயா, ரோட்டில ஆமிக்காரன் நிப்பான்" என்று மட்டும் சொல்லிப் போனீர்கள். அன்று அவளுக்கு உப்பிட்ட வடிகஞ்சி கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டு, "கொண்டுவந்த மனுசற்ற முகத்துக்கு முன்னால ஊத்திப்போட்டியளே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உயிர்க்கொலைக்கு உடன்படாத நோன்பைக் காத்துவிட்டதாக நான் எண்ணியிருந்தேன். பசித்தவள் வாயிலிருந்து உணவைத் தட்டிப் பறித்தவனின் நோன்பை எந்தத் தெய்வம் ஏற்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த மிளகுப் பருவத்தில் ஒரு காணிப் பத்திரத்துக்கு உங்கள் கையொப்பம் வேண்டி முதன்முறையாகத் தோட்டத்தின் பின்புறம், ஓடைவரை வந்தேன். நன்கு சிவந்து பழுத்த மிளகைச் சாக்குகளில் கட்டி ஓடைநீரில் ஊறப்போட்டிருந்தீர்கள். உங்கள் மனைவி ஊறிய பழங்களைத் தொட்டியில் இட்டு மிதித்து, அழுகிய தோலைக் கழுவி நீக்கிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து வெண்மணிகள் வெளிப்பட்டன. அதே மணம். எலும்பும் இல்லை, இறைச்சியும் இல்லை. பழத்தோல் நீரில் அழுகும் மணம். 

அருகில் வந்து நின்றீர்கள். என் முகத்தில் எல்லாவற்றையும் படித்திருப்பீர்கள். "கழுவிக் காஞ்சா மணம் கொறையும் ஐயா. முழுசாப் போகாது" என்றீர்கள், மெதுவாக. நான் பேசுவதற்கு நீங்கள் திறந்துவைத்த கதவு அது. நானோ பத்திரத்தை நீட்டி, "இதில ஒரு கையொப்பம் வேணும் நானா" என்றேன். என் அறியாமையை நீங்கள் பொறுத்திருப்பீர்கள். அறிந்த பின்னும் நான் வாய் திறக்காததை எப்படிப் பொறுத்தீர்கள்?

அதன்பிறகும் வந்தீர்கள். ஆனால் சமைத்த எதையும் கொண்டுவரவில்லை. வாழைப்பழம், தோடம்பழம், இளநீர். ஒருமுறை வாழைப்பழச் சீப்பை மேசையில் வைத்துவிட்டு, "தோலோட இரிக்கிறதுக்கு ஐயா பயப்படத் தேவல்ல" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பதினெட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. நாள்தோறும் பதிகம் ஓதும் இந்த நாவுக்கு ஒரு வரி உங்களிடம் சொல்ல வரவில்லை.

அடக்கத்துக்காக உங்கள் மையத்தைத் தூக்குமுன், முற்றத்தில் கூடியிருந்தோர் நடுவே உங்கள் தம்பி எழுந்து நின்றார். உங்களவர் வழக்கம் அது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். "எங்கட நானா ஒங்கள்ல ஆருக்காவது மனம் நோக நடந்திருந்தா, பேசியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க" என்று தழுதழுத்தார். "மன்னிச்சோம், மன்னிச்சோம்" என்ற குரல்கள் எழுந்தன. நான் தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் நின்ற முதியவர் என் முழங்கையைத் தொட்டார். "நீங்களும் சொல்லுங்க ஐயா. அவருக்கு லேசாகும். ஒங்களோடதானே கனகாலம் பழகினாரு."

என் குற்றத்தைச் சொல்ல அந்த முற்றத்தில் இடமில்லை. இருப்பவர் இறந்தவரைப் பொறுப்பதற்கு வழக்கம் இருந்தது. இறந்தவரிடம் இருப்பவர் மன்னிப்புக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக் காத்திருந்தார்கள். "மன்னிச்சன்" என்றேன்.

பூசையில் பிழை பொறுக்கும்படி வேண்டும் இடம் வரும்போதெல்லாம் அந்த வரியைச் சொல்லாமல் கடந்துவிடுகிறேன். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத உங்களை, ஊரறிய மன்னித்தவன் நான்.