வழிகாட்டி பேசிய பாஷை

மிடில்பர்க்,
ஈஸ்டருக்குப் பிந்தைய செவ்வாய்

அன்பு மகள் அட்ரியானாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். டான்சிக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம், ஆனால் போன கடிதத்தில் சொன்ன இருமலைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லாததால் நான் பாதிதான் நம்புகிறேன். இருமல் நின்றிருந்தால் நீ முதல் வரியிலேயே எழுதியிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உன் தம்பி யோரிஸ் கப்பல் ஏறிவிட்டான். ஜாவாத் தீவில் பாண்டென் என்ற துறைமுகத்துக்கு, மிளகு வாங்க. ஊரார் வாயிலிருந்து வேறு விதமாக உனக்கு வந்து சேருமுன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். துணி வியாபாரி வெர்ஹாகே ஐயா இருக்கிறாரே, அவர்தான் குளிர்காலத்தில் பங்கு சேர்த்து இரண்டு கப்பல்களைக் கட்டி இறக்கினார். பாய் தைக்கும் வேலை உன் அப்பாவுக்கு வந்தது. அன்றிலிருந்து கூடத்தில், மாடியில், உன் பழைய கட்டிலில் எல்லாம் பாய்த்துணிதான், சோற்றுத் தட்டிலும் சணல் நூல். கடலில் பாய் கிழிந்தால் தைக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், யோரிஸ் நான் வருகிறேன் என்று கையைத் தூக்கிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அவன் போவதைவிட, யாரை நம்பிப் போகிறான் என்பதுதான் என்னை அரித்தது. அந்தக் கப்பல்களுக்கு வழிகாட்டி என்று லாம்பெர்ட் என்ற ஒருவனை வெர்ஹாகே கொண்டுவந்தார். போர்த்துகீசியரோடு பல வருஷம் கீழ்த்திசைக் கடலில் திரிந்தவனாம், பாண்டென் ராஜாவின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவனாம், அந்த ஊர்ப் பாஷை தண்ணீர் பட்ட பாடாம். அவன் பெயரைச் சொல்லித்தான் விதவைகள்கூட பங்கு போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன் அப்பா அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வருவார். அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, ஓநாய் வந்து குளிருகிறது என்றாலும் கதவைத் திறந்து கம்பளி கொடுப்பார். நான் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் ஸ்பெயின் ராஜாவின் ஒற்றனோ என்று பயந்து, கத்தோலிக்கர் கறி தொடாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அவனைக் கூப்பிட்டு வேண்டுமென்றே பன்றிக்கறி வைத்தேன், இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அந்தச் சந்தேகம் போயிற்று. ஆனால் வேறொன்று வந்தது. ஒரு ஞாயிறு மிளகு மரத்தைப் பற்றிச் சொன்னான், பையன்கள் ஏறி உலுக்குவார்கள், கீழே துணி விரித்துப் பிடிப்பார்கள் என்று. கொஞ்ச நாள் கழித்து அதே வாய், மிளகுச் செடி முழங்கால் உயரம், குனிந்து குனிந்து பறித்து இடுப்பு ஒடிந்துபோகும் என்றது. போன மாதம் ஏறிய மரம் இந்த மாதம் எப்படி முழங்காலுக்கு இறங்கியது என்று கேட்டேன். "அம்மா, அது வேற ஜாதி மிளகு" என்று கண் சிமிட்டாமல் சொன்னான். பிறகு கப்பலில் ஏற்ற மூட்டை மூட்டையாகக் கம்பளித் துணி வந்தது. அங்கே சாயங்காலம் ஆனால் குளிர் எலும்பைக் குத்தும், இதற்கு அடித்துக்கொள்வார்கள் என்று இவன்தான் சொன்னானாம். வெர்ஹாகேயின் கிட்டங்கியில் விற்காமல் பூச்சி அரித்துக்கொண்டிருந்த அதே துணி. அப்பாவிடம் சொன்னால், "அடியே, ஒன் முன்னாடி பைபிள்ல வர்ற தேவதூதன் வந்து நின்னாலும் இறக்கை ஒட்டினதா தைச்சதான்னு இழுத்துப் பாப்பே" என்று சிரிக்கிறார்.

கிட்டங்கியில் ஜாவாக்காரன் ஒருவன் வேலை செய்தான். வடக்கே ஹாலந்துக்காரர்களின் கப்பல் ஒன்று முன்பு போய்த் திரும்பியபோது அவனைக் கொண்டுவந்தது, பிறகு கை மாறி வெர்ஹாகேயிடம் வந்தான். புனித மார்ட்டின் திருநாள் வாரத்தில் வந்ததால் ஊர் அவனுக்கு மார்ட்டின் என்று பெயர் வைத்துவிட்டது. நம் பேச்சு ஒன்றும் தெரியாது, கை காட்டினால்தான் வேலை செய்வான் என்பார்கள். அவனை வைத்தே லாம்பெர்ட்டைச் சோதித்துவிடலாம் என்று தோன்றியது. பாய் மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி ஒரு ஞாயிறு அவனையும் வரவழைத்தேன். எல்லோரும் மேசையில் இருக்கும்போது, லாம்பெர்ட் ஐயா, சூப்புச் சட்டியின் மூடியை எடுக்கச் சொல்லி இவனிடம் உங்கள் வாயால் சொல்லுங்களேன், அந்தப் பாஷை எப்படி இருக்கும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது என்றேன். லாம்பெர்ட் தொண்டையைக் கனைத்து, பிரசங்கியார் மாதிரி நீளமாக ஏதோ சொன்னான். மார்ட்டின் எழுந்து போய் மூடியை எடுத்தான். யோரிஸ் கைதட்டினான். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்கமாட்டேன். எனக்கு முகம் வைத்துக்கொள்ள இடமில்லை.

சாப்பிட்டதும் அப்பா, யோரிஸ், லாம்பெர்ட் மூவரும் கப்பலைப் பார்க்கத் துறைக்குப் போனார்கள். மார்ட்டின் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் தேய்த்தபடி, இந்தச் சனியன் பிடித்த பூனை மீனைத் தூக்கப் போகிறது என்று எனக்குள் முணுமுணுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் குனிந்த தலையை நிமிர்த்தி, ஜன்னல் பக்கம் போய், பூனையை விரட்டிவிட்டு, மீன் தட்டை மூடுகிறான்! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடப்பாவி, உனக்கு எங்கள் பேச்சு தெரியும் என்றேன். கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மெதுவா பேசினா தெரியும், அம்மா" என்றான். ஏன் மறைத்தாய் என்றால், "தெரியும்னு தெரிஞ்சா எல்லாரும் வேல சொல்வாங்க. தெரியலேன்னா பாதிப் பேரு தானே செஞ்சுக்குவாங்க" என்றான். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அப்படியானால் மூடியை எடுத்தது நான் சொன்னதைக் கேட்டுத்தான், அவன் சொன்னதைக் கேட்டு இல்லை. லாம்பெர்ட் என்னதான் பேசினான் என்று கேட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, தேங்காய், தண்ணி, கப்பல், ஒண்ணு, ரெண்டு. அவ்வளவுதான்" என்றான். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மிளகு எதில் காய்க்கும் என்றேன். அவன் மேசைக் காலைப் பிடித்து, விரலால் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றிக் காட்டினான். மரமும் இல்லை, செடியும் இல்லை, கொடி!

பொய் என்று தெரிந்தும் ஏன் அவனைக் காப்பாற்றினாய் என்று அதட்டினேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னான். அவன் பெயர் கெர்த்தா. அவனுக்கு மனைவியும், நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். நங்கூரமிட்டிருந்த கப்பலில் கோழி விற்க ஏறியிருக்கிறான். கரையில் ஏதோ சண்டை, இவர்கள் அவசரமாகப் பாய் விரித்துக் கிளம்பிவிட்டார்கள். கோழியையும் தின்றார்கள், கோழிக்காரனையும் கொண்டுவந்துவிட்டார்கள். "லாம்பெர்ட் பொய்யி. ஆனா கப்பல் பொய்யில்ல, அம்மா. அவரு மாட்டிக்கிட்டா கப்பல் நிக்கும். நின்னா நான் இங்கயே செத்துருவேன்" என்றான். உன்னையும் ஏற்றுவதாக வெர்ஹாகே வாக்குக் கொடுத்திருக்கிறாரா என்றால், இல்லையாம், லாம்பெர்ட்தான், நீ என்னைக் காட்டிக் கொடுக்காதே, நான் உன்னை ஏற்றிவிடுகிறேன் என்று கையால் சைகை காட்டினானாம். பொய்யன் கொடுத்த வாக்கை நம்பி இவன் என் பிள்ளையைப் பணயம் வைத்திருக்கிறான். கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. நீயே வாயைத் திற, நம் பேச்சும் உங்கள் பேச்சும் தெரிந்தவனை விட்டுவிட்டு எவன் கப்பலை எடுப்பான் என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என்னை அவன் ஏன் நம்ப வேண்டும்? நானும் நம்பியிருக்கமாட்டேன்.

மறுநாள் வெர்ஹாகேயிடமே போனேன். அதிர்ந்துபோவார், நன்றி சொல்வார் என்று எண்ணினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "அம்மா, லாம்பெர்ட் கடலுக்காக இல்ல, பங்கு போடுறவங்களுக்காக. கடலுக்குக் கடவுள் இருக்காரு, வரைபடம் இருக்கு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அடுத்த கப்பலுக்கும் பாய் தைக்கணும்ல? வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார். வெளியே வந்ததும் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கப்பல் தலைவர் ஹுய்பெர்ட்டுக்கும் இது தெரியுமா? ரொட்டிப் பீப்பாயில் இருப்பது ரொட்டிதானா? வீட்டில் சொன்னால் அப்பா முதல் முறையாகச் சிரிக்கவில்லை, ஆனால் "சும்மா இரு" என்றார். யோரிஸ் கத்தினான். "எல்லார் முன்னாடியும் என்னைக் கேவலப்படுத்தாதே, அம்மா. நீ பயப்படுறதுக்கு ஊரெல்லாம் பொய்யனா?" என்றான். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஆள் பெயர் வாசித்துச் சத்தியம் வாங்கும் நாள் துறையில் ஊரே கூடிவிட்டது. ஹுய்பெர்ட் தலைவர் பீப்பாய் மேல் நின்றுகொண்டிருந்தார். நான் நேரே போய், தலைவரே, கிளம்புமுன் பெண்கள் மனம் ஆற ஒரு வேடிக்கை காட்டுங்கள், லாம்பெர்ட் ஐயா ஜாவாக்காரனிடம் பேசட்டும், ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவர் காதில் மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். தலைவர் முகத்தையே பார்த்தேன், பொய் அவருக்கும் தெரியும் என்றால் மறுப்பார். அவர், "அதுக்கென்ன" என்று சிரித்துக்கொண்டே லாம்பெர்ட் காதில் குனிந்தார். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்தது. லாம்பெர்ட் வெர்ஹாகேயைப் பார்த்தான், வெர்ஹாகே கடலைப் பார்த்தார். பிறகு கணீரென்று அதே பிரசங்கம். கெர்த்தா அசையவில்லை. என்னைத்தான் பார்த்தான். மெல்லத் தொப்பியைக் கழற்றினான். "செருப்பக் கழட்டச் சொல்லச் சொன்னேனே" என்றார் தலைவர். மறுபடி காதில் சொன்னார், மறுபடி பிரசங்கம், கெர்த்தா கையைத் தூக்கினான். கூட்டத்தில் முதலில் ஒரு பெண் சிரித்தாள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அந்தக் கப்பலில்தானே. அந்த அமைதியில் கெர்த்தா முன்னால் வந்து, நம் பேச்சில், நம் மிடில்பர்க் இழுவையோடு சொன்னான்: "அவருக்கு எங்க பாஷை தெரியாது. எனக்கு உங்க பாஷை தெரியும். என்னைக் கூட்டிட்டுப் போங்க." தலைவர் பீப்பாயிலிருந்து இறங்கி வெர்ஹாகே முன்னால் போய் நின்று, "எனக்கும் சேர்த்துத்தானா பொய் சொன்னீங்க?" என்று கேட்டார். லாம்பெர்ட் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டான். யோரிஸ் என் பக்கத்தில் வந்து நின்றான். என் சால்வையைத் தோளில் இழுத்துவிட்டான்.

பங்கு போட்டவர்கள் சத்தம் போட்டார்கள், கடைசியில் மிளகு ஆசைதான் ஜெயித்தது. கம்பளியில் பாதியை இறக்கிவிட்டு, ஜாவாவுக்கு உண்மையாகவே போய் வந்த, பக்கத்துத் துறைமுகமான ஃப்ளிஸிங்கனைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக வைத்தார்கள். அவரோடு போய் வந்தவர்களைத் தேடிப் பிடித்து, தனித்தனியாக உட்காரவைத்து நான் விசாரித்தேன், எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். கெர்த்தாவை மொழி பெயர்ப்பவனாகச் சேர்த்தார்கள். அப்பாவுக்கு வெர்ஹாகேயின் வேலை இனி இல்லை, அதற்காக என்னை ஒரு சொல் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வாரம் கிழக்குக் காற்று எழுந்ததும் கிளம்பிவிட்டார்கள். படகு எடுக்குமுன் கெர்த்தாவிடம், உன் கரையைக் கண்டதும் நீ குதித்து ஓடிவிடுவாய், எனக்குத் தெரியும் என்றேன். அவன் என் கண்ணைப் பார்த்து, "ஆமா, அம்மா" என்றான். இந்தக் கப்பல் விஷயத்தில் கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் எனக்குப் பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான். பிறகு யோரிஸைத் தனியே இழுத்து வைத்துச் சொன்னேன். போகிற வழியெல்லாம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து தை, நாளுக்குக் கொஞ்சமாக அவன் பாஷையைப் படி, அவன் ஓடுகிற அன்றைக்கு நீ செவிடனாக நிற்கக் கூடாது. அவன் ஓடும்போது, மகனே, நீ பாயைப் பார்த்துக்கொண்டு தைத்துக்கொண்டிரு, தலையை நிமிர்த்தாதே என்றேன். சரி என்றான். இந்த ஒரு சரியை நம்புகிறேன்.

உங்கள் மூவரையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் மறைத்துக் காப்பாராக. தம்பிக்காகத் தினமும் ஜெபம் செய், கடலில் இருப்பவனுக்கு நாம் அனுப்பக் கூடியது அது ஒன்றுதான். மாப்பிள்ளையின் புதுக் கூட்டாளி ரொம்ப இனிக்கப் பேசுகிறார் என்று எழுதியிருந்தாய், அவர் சொன்னதையே கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை சொல்ல வை. இதைக் கொண்டுவரும் தானியக் கப்பல்காரர் நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், இருந்தாலும் அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரி. இருமலைப் பற்றி உண்மையை எழுது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
மாய்க்கன்