இமை முடி தெரியும் படம்

மயிலாப்பூர்,
நவம்பர் 1999

சிரஞ்சீவி அனிருத்துக்கு அப்பாவின் ஆசிகள். நீ, மாட்டுப்பெண் வர்ஷினி, குழந்தை மூவரும் சௌக்கியமாக இருக்கக் கற்பகாம்பாள் அருள் புரியவேண்டும். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. குழந்தையின் படம் போட்டு நீ அனுப்பிய சி.டி. வந்துவிட்டது, மழையில் அதைப் பையில் சுற்றிக்கொண்டு லஸ் கார்னரில் கடை கடையாக ஏறி இறங்கி, பாண்டி பஜாருக்கும் போய், கடைசியில் ராயப்பேட்டையில் நூர் முஹம்மதுவின் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்தேன். படம் பார்க்கிற எந்த சாஃப்ட்வேருக்கும் உன் ஃபைல் பிடிபடவில்லை. "சார், இது கேமரா புடிச்சது புடிச்சபடியே கீது, கழுவாத பிலிம் மாதிரி. இன்னா பண்ணாலும் ஸ்டாம்பு சைஸுக்கு மேல தொறக்க மாட்டேங்குது" என்றார். சாதாரணப் படமாக மாற்றி அனுப்பு என்று அவர் கடையிலிருந்தே உனக்கு ஈமெயில் போட்டால், மாற்றினால் துல்லியம் போய்விடும், குழந்தையின் இமை முடி ஒவ்வொன்றும் அம்மாவுக்குத் தெரியவேண்டும், சாஃப்ட்வேரின் அடுத்த வெர்ஷன் வந்தால் திறக்கும், பொறுங்கள் என்கிறாய். நல்ல ஆசைதான். ஆனால் எனக்கு அலுத்துவிட்டதப்பா.

பொறுக்க நேரமில்லை என்று ஃபோனில் சொல்ல அம்மா என்னை விடவில்லை. அவளுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி இடது கண் போய்விட்டது, வலது கண்ணிலும் ஓரமெல்லாம் இருட்டு. போன பார்வை திரும்பாது, இருப்பதும் எத்தனை நாளோ என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். காபி டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டு என்னைக் கோபிக்கிறாள். நேற்று நூர் முஹம்மது அந்த ஸ்டாம்பு சைஸ் படத்தையே பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். கட்டம் கட்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் முகம் எது, போர்வை எது என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, அப்படியே நம்ம அனிருத் ஜாடை!" என்றாள். பிறகு கண்மை டப்பாவைக் கேட்டு வாங்கி, "கன்னத்துல ஒரு பொட்டு வெச்சுடறேன், என் கண்ணே பட்டுடும்" என்று விரலால் தொட்டு வைத்தாள். பொட்டு போர்வையில் இருக்கிறது. அழகாக இருக்கிறது என்று சொல்லிப் படத்தை வாங்கி வைத்தேன், எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் இமை முடியெல்லாம் வேண்டாம். காகிதத்தில் பெரிதாகப் போட்டு நாளைக்கே தபாலில் சேர்த்துவிடு. முடிந்தால், இது குழந்தை முகம் என்று தெரிகிற மட்டுக்காவது அவளுக்குப் பார்வை இருக்கும்போதே, தூக்கிக்கொண்டு வந்துவிடு. அங்கே குளிர் காலம், குழந்தைக்குக் காது மூடக் குல்லா போடச் சொல். மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே. அடுத்த முறை ஃபோனில், குழந்தையை நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள். நீ ஆமாம் என்று சொல்.

அன்புள்ள அப்பா,
சுந்தரராமன்