மூன்று மைலில் கேட்காத பாட்டு

அன்பும் சந்தேகமும் நிறைந்த அண்ணாவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். சற்று நிறுத்துங்கள். ஒரு பொய்யைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிபாளையத்தில் உங்கள் ஒலிபெருக்கிக் குழாய் வந்திறங்கிய வருடம் நினைவிருக்கிறதா? நான் பௌதிகத்தில் பட்டம் வாங்கி வீட்டில் இருந்தேன். அப்பா போன பிறகு முடிவெல்லாம் உங்களுடையது. மூன்று மைல் தள்ளி மாமன் மகன் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தான். மேற்படிப்புக்காக நான் அழவில்லை. கணக்குப் போட்டேன்.

குழாய்ச் சத்தம் மாமன் ஊர்வரை போகும் என்று பெருமையடித்தீர்கள். ஒலி விரிய விரிய மெலியும், மிச்சத்தைக் காற்று உறிஞ்சி வெப்பமாக்கிவிடும் என்று எழுதிக் காட்டினேன்.

"அப்பிடீன்னா மார்கழி பூராப் பாட்டுப் போட்டா ஊரே குளிர்காயலாமே, அம்மிணி" என்றீர்கள்.

பந்தயம் முடிவாயிற்று. மாமன் ஊரில் பாட்டுக் கேட்டால் கல்யாணம், கேட்காவிட்டால் சென்னையில் எம்.எஸ்ஸி.

மார்கழி விடியலில் கோவில் பனைமரத்தில் குழாயைக் கட்டினீர்கள். இசைத்தட்டை வைத்தது நான். அடுத்தவர் காதை நம்பாமல் நீங்களே சைக்கிளில் போனீர்கள். வெயில் ஏறித் திரும்பி வந்து, "ஒண்ணுங் கேக்கல. பொட்டியக் கட்டு" என்றீர்கள். மாமன் வீட்டுக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினீர்கள்.

பிறகு முப்பது வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தேன். பனிக்கால விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்கும். மேலே போகும் ஒலி வளைந்து கீழிறங்கி நெடுந்தூரம் கேட்கும். வருடா வருடம் அதைக் கரும்பலகையில் வரைந்தவளுக்கு, தன் கணக்கில் மார்கழியைச் சேர்க்கவில்லை என்பது ஒருநாளும் உறைக்கவில்லை. ஜெயித்த கணக்கை யார் சரிபார்க்கிறார்கள்?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமன் ஊர் டீக்கடைக்காரர் வந்திருந்தார். தொண்ணூறு வயதிருக்கும், ஞாபகம் மட்டும் பழுதில்லை.

"அன்னிக்கு அண்ணன் சைக்கிளச் சாத்திப்போட்டு ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டாருங்க. தொடையில தாளங்கூடப் போட்டாரு. அம்மிணிகிட்டச் சொல்லிப்போடாதீங்கன்னு டீயுங் குடிக்காமப் போயிட்டாரு."

ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட குழாயை நீங்களே ஊமையென்று சொல்ல எவ்வளவு வலித்திருக்கும்? அதன் பிறகு அதன் பெருமையைப் பேசி நான் கேட்டதேயில்லை. தோற்ற வெட்கம் என்றல்லவா நினைத்தேன்?

நேற்று அந்தக் கணக்கெழுதிய பழைய நோட்டைத் தேடியெடுத்துச் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டேன். வரும் மார்கழியில் குழாய் அதே மரத்தில் ஏறும்; மாமன் ஊர் டீக்கடையில் நான் நின்று கேட்பேன். கேட்டது என்று ஊரறியச் சொல்வேன். மாமன் மகனிடம் மட்டும் ஜாதகம் என்றே இருக்கட்டும்.

தப்பான விடைக்குத் தேர்ச்சி பெற்ற,
உங்கள் தங்கை