அடிக்காத மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? ஒரே மூச்சாக மெஷினில் உட்கார்ந்து தைக்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். உளவியலில் மேற்படிப்பு வேண்டுமென்றால் இப்போதே ஓர் ஆய்வில் சேர்ந்துகொள் என்று என் வழிகாட்டி ஆசிரியை சொல்லியிருந்தார். கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். இந்த முறை வெறுங்கையோடு திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் கடைசி ஆய்வகத்துக்குப் போனேன். அங்கிருந்த உதவியாளர் என்னைப் பரிசோதனைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். போனை வாங்கிக்கொண்டு, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார வைத்து, "முடியலைன்னா இந்த மணியை அடிங்க" என்றார். வேலை கேட்டு வந்த இடத்தில் மணியடித்துக் கூப்பிடுவது மரியாதையா? பேராசிரியரைப் பார்க்கத்தான் காக்க வைக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துப் பேராசிரியரே வந்து கதவைத் திறந்தார். மனிதர்கள் எவ்வளவு நேரம் தனிமையைத் தாங்குவார்கள் என்பதுதான் ஆய்வாம்.

"எல்லாரும் பாதியிலேயே அடிச்சிடுவாங்க. உனக்கு அடிக்கணும்னு தோணலையா?"

"பழகிடுச்சு சார். நான் வேலை கேக்க வந்தேன்."

சிரித்துவிட்டார். நான் உட்கார்ந்திருந்தது ஆய்வுக் கணக்கில் வராதாம். ஆனால் என்னைச் சேர்த்துக்கொண்டார். நாளை முதல் அந்த அறையில் ஆட்களை உட்கார வைப்பது நான்தான். யார் மணியடித்தாலும் ஓடிப்போய்த் திறப்பேன்.

ஒரு சின்ன உதவி அப்பா. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் போனை வைத்துவிடாதீர்கள். மெஷின் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு நீங்கள் தைத்துக்கொண்டிருங்கள். நான் எதுவும் பேச மாட்டேன், மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
வாயாடி