காலை நீட்டிப் படுக்க ஒரு வண்டி

1974 ஆகஸ்ட் 6, செவ்வாய். கவரைப்பேட்டை

வெயில். காற்றே இல்லை. காலை ஷிஃப்டுக்கு ஆறு பேர் லேட். ஆறு பேருக்கும் சைக்கிள் பஞ்சராம். ஃபாக்டரி டைம் ஆபீஸில் உட்கார்ந்தால் கும்மிடிப்பூண்டியின் பஞ்சர் கதை எல்லாம் கேட்கலாம்.

சாயந்திரம் வெங்கடேசு மேஸ்திரியோடு ஒரு ஜீப் பார்த்தேன். மேஸ்திரி தடா பக்கத்துக்காரர், இங்கே என் ரூமுக்குப் பக்கத்தில், ஸ்டேஷனுக்கு எதிரில் லாரிப் பட்டறை. ஜீப் மிலிட்டரியில் கழித்தது. அவர் பானெட்டைத் திறந்து மோந்துகொண்டிருந்தார். நான் பின்னால் ஏறிப் படுத்துப் பார்த்தேன். முட்டி மடங்கியது. வேண்டாம் என்றேன்.

"இன்னா சாரு, வண்டி வாங்க வந்தியா, தூங்க வந்தியா?"

இதுவரை படுத்துப் பார்த்தவை:
பொன்னேரி ஜீப். குட்டை.
அம்பாசடர். சீட்டில் படுத்தால் தலை கதவில்.
பழைய வேன். நீளம் சரி, தரையே இல்லை. ரோடு தெரிகிறது.
இன்றைய ஜீப்.

கோமளாவுக்கு இது எட்டாம் மாசம். போன தடவை ஊரிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் பதினோரு மைல், மாட்டு வண்டியில் நாலு மணி நேரம். கூண்டுக்குள் முட்டியை மடக்கி, முறுக்கிக்கொண்டு கிடந்தாள். பையன் திருப்பாச்சூர் தாண்டுவதற்குள் போய்விட்டான். டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "இப்படியா மடக்கிப் போட்டுக்கினு வருவீங்க?" ரெண்டு வருஷமாக அது காதில் இருக்கிறது.

தலைவலி. மாத்திரை இல்லை. தூங்கணும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. ஊரில்

நேற்று கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, திருவள்ளூரில் இறங்கி பஸ், அப்புறம் நடை. வாராவாரம் இதே கதை. வந்து சேருகிறபோது ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் மிஞ்சுவதில்லை.

அண்ணனிடம் மறுபடியும் வண்டிப் பேச்சு எடுத்தேன். குடும்பம் அவர் கையில், நிலமும் அவர் கையில். பதினோரு பேர் சாப்பிடுகிற வீட்டில் நான் மட்டும் சம்பளக்காரன். அதனாலேயே என் பேச்சுக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல்.

"ஆள ஏத்திக்கினு சுத்தறதுக்கு மோட்டார் இன்னாத்துக்கு? வலத்து மாடு நொண்டுது. சொர்ணவாரி அறுப்பு வருது. நெல்லு இழுக்குமா உன் வண்டி?"

இழுக்கும் என்றேன்.

"பதினெட்டு மூட்ட வச்சி ஏரிக்கர மேட்டுல ஏத்திக் காட்டு. அப்பறம் பேசு."

ஆக நிபந்தனை ரெண்டு. அவருக்கு மேடு ஏறணும். எனக்கு நீளம் இருக்கணும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கோமளா ஒருக்களித்துத் தூங்கினாள். மூட்டை தைக்கிற சணல் ஜன்னலில் கிடந்தது. உச்சந்தலையிலிருந்து இடுப்பு, அங்கிருந்து குதிகால். முடிச்சு போட்டு வைத்துக்கொண்டேன். கயிறு சட்டைப் பையில். ஐந்தடி ஒரு அங்குலம். இவ்வளவு சின்னவளா? நின்றால் தெரிவதில்லை, அவ்வளவு பேசுகிறாள்.

எங்கள் பெரியவள் செல்வி என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆபீஸர் விளையாட்டு. எனக்கு மெமோ கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, புதன். கவரைப்பேட்டை

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு நாலு ஷெட் தள்ளி ஒரு தொழிற்சாலை. அதைக் கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஓட்டியது. அவர் ஊருக்குப் போய் மூன்று வருஷம். வண்டி ஷெட்டில் நிற்கிறது, மேலே புறா எச்சம். பச்சை நிறம். லாரிக்குத் தம்பி மாதிரி உயரம். நாலு சக்கரமும் இழுக்குமாம். பின்னால் டிரெய்லர் கட்டக் கொக்கி, ஒரிஜினல். ஸ்டீயரிங் மட்டும் இடது பக்கம். பெட்ரோல் விலை இப்படி ஏறினபிறகு இந்தப் பூதத்தை யார் வாங்குவார்கள் என்று வாட்ச்மேனே சொல்லிச் சிரித்தான். எங்களுக்காகத்தான் நின்றிருக்கிறது.

பின் சீட்டுகளைக் கழற்றினோம். கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு அடி மிச்சம். நானும் படுத்தேன். கால் நீண்டது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனசில்லை.

மேஸ்திரி அடியில் புகுந்து வந்தார். "சேஸிஸ் கல்லு மாரி கீது. பிரேக் பாக்கணும். பேட்டரி செத்துப்போச்சி. நாலு நாளு குடு சாரு."

விலை பேசியாகிவிட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. தினமும் பார்க்கத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. ஊரில்

பெரியபாளையம் வழியாக மேஸ்திரியே ஓட்டிவந்தார். ரெண்டு தடவை ரேடியேட்டர் கொதித்தது. ஊருக்குள் நுழைந்ததும் நாய்கள், குழந்தைகள், கோழிகள், எல்லோரும். பக்கத்து வீட்டுக்காரர் மாடு வாங்குகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார், பின்பக்கம் ஒரு தட்டு தட்டினார். என்ன தெரிந்ததோ.

அண்ணன் எங்கிருந்தோ பிடித்து வந்திருந்த டிரெய்லர், மூட்டைகள், ஏரிக்கரை மேடு. பாதியில் திணறியது. மேஸ்திரி ஏதோ ஒரு கம்பியை இழுத்தார். நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்து உறுமிக்கொண்டு ஏறியது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டே "தேவலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

உடனே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிட்டார். வாடகை டிராக்டர் ஓட்டின கை. இனி இறங்கமாட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, கண்ணும் சரியில்லை.

டிரெய்லரைக் கொக்கியில் பூட்டுகிற இரும்பு முளை இழுத்த இழுப்பில் வளைந்திருக்கிறது. "மாத்திக்கோ, அண்ணாகிட்ட சொல்லு" என்று மேஸ்திரி போகும்போது சொன்னார். சொன்னேன். அண்ணன் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். மாற்றியதாகக் கணக்கு.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. ஊரில்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் கோமளா துணி துவைக்க என் சட்டைப் பையைத் துழாவினாள். கயிறு. "இன்னாங்க இது, முடிச்சி போட்டு?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பம்பு செட்டு அளவு என்றிருந்தால் விட்டிருப்பாள். சந்தோஷத்தில் இருந்தேன், சொல்லித் தொலைத்தேன். உன் அளவுதான், வண்டியில் ஒரு அடி மிச்சம், காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம் என்றேன்.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"தூங்கச்சொல்லோ அளந்தீங்களா?"

"ஆமாம்."

"படுக்க வச்சி பொணத்தத்தான் அளப்பாங்க. பாடை கட்ட."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். கயிறு அடுப்பில் போயிற்று. வீடு முழுக்கச் சணல் கருகிய நாற்றம். மத்தியானம் சோறு அண்ணிதான் போட்டாள். "இன்னா தம்பி, இத்தினி படிச்சிட்டு இது தெரியலியா?"

தெரியும். அளக்கும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அவள் கால் நீளுமா என்பது மட்டும்தான் ஞாபகம். சவத்தை அளப்பார்கள் என்பது ஞாபகமே இல்லை. இதை எந்த பாஷையில் அவளுக்குச் சொல்வது?

ஆகஸ்ட் 28, புதன். கவரைப்பேட்டை

நைட் ஷிஃப்ட் கிளார்க் லீவு. இரட்டை வேலை. கால் வீக்கம்.

மேஸ்திரி பட்டறையில் டீ. "வண்டி எப்பிடி ஓடுது?" ஓடுகிறது என்றேன். "ஊட்ல சந்தோஷமா?" டீ நன்றாக இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு. ஊரில்

குடும்பத்தோடு திருப்பாச்சூர் கோயிலுக்கு, வண்டிக்குப் பூஜை. சீட்டெல்லாம் மறுபடி மாட்டி ஒன்பது பேர். கோமளா வரவில்லை. அவள் வராததால் நானும் போகவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கிற்று, கற்பூரம் காட்டினார்கள், மாலை போட்டார்கள். எல்லாம் செல்வி வந்து சொன்னது. முன் சீட்டில் அண்ணிக்கும் கதவுக்கும் நடுவே நின்றுகொண்டு போனாளாம். "பெரீப்பா எல்லாருக்கும் ஆரன் அடிச்சாரு. ஆட்டுக்குக்கூட."

கோமளாவிடம் கேட்டேன், வலி எடுத்தால் என்ன செய்வாய்.

"ஊட்லயே பெத்துக்கறேன். முனியம்மா கீறா."

முனியம்மா ஊர் மருத்துவச்சி. கைராசிக்காரிதான். ஆனால் போன தடவையும் அவள் இருந்தாள்.

"அந்த வண்டி..."

"அந்த வண்டில ஏறமாட்டேன். நீங்க அளந்த எடத்துல நான் படுக்கமாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வாரம் அலைந்ததெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள். பயப்படுகிறாள். நானும்தான். ரெண்டு பேரும் தனித்தனியாகப் பயப்படுகிறோம், அதுதான் கஷ்டம்.

செப்டம்பர் 10, செவ்வாய். ஊரில்

லீவு போட்டு வந்துவிட்டேன். பத்து நாள். ஆபீஸர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

பின் சீட்டைக் கழற்றி மெத்தை விரித்து வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. கோமளா பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அறுப்பு முடிந்து களத்தில் நெல். தினமும் சாயந்திரம் மூட்டம் போடுகிறது. அண்ணன் வானத்தைத் திட்டுகிறார், ஆளைத் திட்டுகிறார், என்னையும் சேர்த்து.

செப்டம்பர் 14, சனி. திருவள்ளூர் ஆஸ்பத்திரி வெளித் தாழ்வாரம்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று வெள்ளி. காலை பத்து மணிக்கு வலி. முனியம்மா உள்ளே போனாள், அரை மணியில் வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"கால் முன்ன வருது. என்னால ஆவாது. இட்டுகினு போங்க ஆஸ்பத்திரிக்கு."

களத்துக்கு ஓடினேன். மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் பதினெட்டு மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொன்னேன். டிரெய்லரை அவிழ்க்கப் பார்த்தார். வளைந்த முளை அசையவில்லை. சுத்தியல் எடுத்தார், கடப்பாரை எடுத்தார். அசையவில்லை.

தார்ப்பாயை அவரே கிழித்து எறிந்தார்.

"தள்றா!"

"நெல்லுண்ணா..."

"தள்றான்றேன்! நெல்லு இன்னா நெல்லு!"

பதினெட்டு மூட்டையும் சேற்றில், மழையில். மூன்று மாச உழைப்பு. ஒரு மூட்டை வாய் பிளந்து கொட்டியது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலி டிரெய்லரோடு வாசலுக்கு வந்தோம்.

கோமளா அண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின் கதவைத் திறந்தேன். மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வலியில் உதடு வெள்ளை.

"நான் முன்னால உக்காந்துகினு வரேன்."

"கோமளா, காலை நீட்டி..."

"அளந்துகினு வந்தீங்களே, நீங்க போய்ப் படுங்க."

அப்படித்தான் போனோம். இடது பக்கம் ஸ்டீயரிங்கில் அண்ணன், நடுவில் கோமளா, ஜன்னல் ஓரம் அண்ணி. நான் பின்னால் மெத்தையில். உட்கார முடியாதபடி தூக்கிப் போட்டது, படுத்தேன். கால் நீட்டத் தாராளமாக இடம். மேலே தகரத்தில் ஒரு ஓட்டை, நெற்றியில் சொட்டுச் சொட்டாக மழை. பின்னால் காலி டிரெய்லர் குதித்துக் குதித்து அடித்தது. அப்படிப் படுத்திருந்தபோதுதான் புரிந்தது. தனியாக மல்லாந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல். இதற்கா அவளை அளந்தேன்? அழுதேன். சத்தம் கேட்டிருக்காது. டிரெய்லருக்கு நன்றி.

திருப்பாச்சூர் வந்ததும் "தாண்டியாச்சா?" என்று கோமளா கேட்டாள். அண்ணன் "தாண்டியாச்சிம்மா" என்றார். அப்போது இன்னும் கால் மைல் இருந்தது.

ஆஸ்பத்திரி கேட்டில் காவல்காரன் கையை விரித்து நின்றான். "நெல்லு வண்டிலாம் மில்லுக்குப் போங்கப்பா." அண்ணன் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கேட் திறந்தது.

முக்கால் மணி நேரத்தில் வந்தோம். போன தடவை நாலு மணி நேரம்.

அப்புறம் காத்திருந்தது. அதைப் பற்றி ஒன்றும் ஞாபகமில்லை. அண்ணன் மரத்தடியில் அந்த முளையை அடித்துக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு அது கழன்று விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நெல்லைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

நாலு மணிக்கு டாக்டரம்மா வந்து தலையாட்டினார். பெண். இருவரும் பிழைத்தார்கள்.

இன்று காலைதான் உள்ளே விட்டார்கள். கோமளா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நர்ஸ் குழந்தையை மேஜையில் கிடத்தி, ஒரு காலைப் பிடித்து நீட்டி, தலைமாட்டிலிருந்து டேப்பை இழுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோமளா கண்ணைத் திறந்துவிட்டாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தினி?" என்று நர்ஸைக் கேட்டாள்.

"பத்தொம்பதே கால் அங்குலம்."

என் பக்கம் திரும்பினாள்.

"நோட்டுல எழுதிக்குங்க. காலை உட்டுடாதீங்க."

19¼.